யப்பான் தோற்ற சனிக்கிழமை

ரொறொன்ரோவில் தமிழர்களிடம் அதிகம் திட்டு வாங்கிய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் கட்டடத்து யப்பான் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போவார். இரண்டாம் பரிசுக்கு ஆளே இருக்காது. வீடு விற்கும் முகவர்கள், வாக்குக் கேட்டு வருகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் சோறு முடிந்துவிட்டது என்று அறிவிக்கிறவர்கள் எல்லாரும் அவருக்கு வெகு தூரம் பின்னால்தான் நிற்கவேண்டும். இதில் விசேஷம் என்னவென்றால், திட்டத் திட்ட அந்த மனுசன் பூரித்துப்போவார்.

யப்பான் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் பெல்ஜியத்துக்காரர். அவருக்கும் யப்பானுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், வாலிப வயதில் வருடாவருடம் அங்கே போய் அடிவாங்கிக்கொண்டு வந்ததுதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தொழில்முறை மல்யுத்தக்காரர்களைக் கூட்டமாக யப்பானுக்கு அழைப்பார்களாம். பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் உள்ளூர் வீரர்களோடு மோதவிடுவார்களாம். போன வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வில்லன்கள். அதில் இவர் பெரிய வில்லன். அதெல்லாம் முடிந்து, முழங்கால் தேய்ந்து, கனடாவுக்கு வந்து, கடைசியில் ரொறொன்ரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு சுப்பிரின்டென்ட் ஆகிவிட்டார். குழாய் ஒழுகினால், ஹீற்றர் நின்றால், குப்பை அடைத்தால் அவர்தான் பொறுப்பு.

உயரம் கதவளவு, அகலமும் கதவளவு. கழுத்தென்று ஒன்றைக் கடவுள் கொடுக்க மறந்துவிட்டார். காதுகள் இரண்டும் நசிந்து சுருண்டு, அவசரத்தில் பிழிந்த இடியப்பம் போல இருக்கும். கீழ்த்தளத்தில் அவருடைய அறைச் சுவரில் பழைய யப்பானியச் சுவரொட்டி ஒன்று தொங்கியது. அதில் தாடியும் மீசையுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கதிரையைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றார். சுற்றிவர யப்பானிய எழுத்து.

"இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது, தம்பி. நல்லதா இருக்க நியாயமில்லை."

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அவரை நினைக்கும்போது என் காதில் எங்கள் தமிழ்தான் கேட்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன். 'தம்பி', 'அண்ணை' இரண்டும் மட்டும் அவர் சொந்தமாகவே சொன்னவை.

பட்டப்பெயர் அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். மனுசன் சிரித்தார். "யப்பானிலை என்னை ஜேர்மன்காரன் எண்டு விளம்பரம் போட்டாங்கள். ஜேர்மனியிலை ரஷ்யன் எண்டாங்கள். இஞ்சை நீங்கள் யப்பான் எண்டுறியள். ஒருத்தருக்கும் பெல்ஜியம் தேவைப்படேல்லை."

வில்லன் வேலையை அவர் கனடாவிலும் விடவில்லை. வாசல் மண்டபத்தில் நிலம் துடைக்கிற தடியை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஈரச் சப்பாத்தோடு யாராவது உள்ளே வந்தால் தடியால் நிலத்தில் ஒரு குத்துக் குத்துவார். பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளைக் கண்டால் உறுமுவார். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும். ஓடிவிட்டு, இன்னொரு தரம் உறுமட்டும் என்று மற்ற வாசலால் திரும்பி வரும். இங்கே பிறந்த என் மகள் சொல்லுவாள், "அப்பா, ஹீ இஸ் ஸோ மீன். ஐ லவ் இட்!"

பெரியவர்களுக்கு அந்த ரசனை கிடையாது. ஹீற்றர் சூடானாலும் திட்டு, ஆறினாலும் திட்டு. பனி கொட்டினால்கூட அவர்தான் கொட்டினார் என்கிற மாதிரித் திட்டு. முகத்துக்கு நேரே தமிழில் திட்டிவிட்டு, ஆங்கிலத்தில் 'குட் மோர்னிங்' சொல்லிவிட்டுப் போவோம். அவர் என்னைப் பிடித்துக்கொண்டு கருத்துக் கேட்பார்.

"தம்பி, மூண்டாம் மாடி மனுசி என்னை ஏதோ 'அறுவான்' எண்டவ. அது என்ன?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நாசமறுவான். கெட்டுப்போவாய் எண்டமாதிரி."

"கொஞ்சமாக் கெட்டுப்போறதோ, முழுசாவோ?"

"முழுசா."

கண்ணை மூடி, வாய்க்குள் அதைப் போட்டு உருட்டிப் பார்த்தார். "நல்ல சொல். வாய் நிறைய வருது. ஒசாக்காவிலை ஒரு கிழவி எனக்குத் தோடம்பழத்தாலை எறிஞ்சவ. அதுக்குப் பிறகு எனக்குக் கிடைச்ச மரியாதை இதுதான்."

இனி ஒன்பதாம் மாடிக்குப் போகவேண்டும். அங்கே சின்னராசா அங்கிளும் அவருடைய மனைவி பரிமளம் அன்ரியும் இருந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள். சின்னராசா அங்கிள் தானாகத் திறக்கும் கதவுக்கும் 'தாங்ஸ்' சொல்லுகிறவர். பஸ்ஸில் யாராவது அவருடைய காலை மிதித்தால், கால் அங்கே இருந்ததற்காக அவர்தான் மன்னிப்புக் கேட்பார். கோப்பிக் கடையில் பிழையான கோப்பியைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு வருவார். அன்ரிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கட்டடத்தில் எலிவேற்றர் இரண்டு. ஒன்று வசந்த காலத்திலேயே நின்றுவிட்டது. மற்றது விரும்பினால் வரும், விரும்பாவிட்டால் இடையில் நிற்கும். பனிக்காலம் தொடங்க அதுவும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சாமான் ஓடர் பண்ணியிருக்கிறோம், வந்ததும் பூட்டித் திருத்துவோம் என்று கட்டடத்துச் சொந்தக்காரக் கம்பனி ஒரு கடுதாசி ஒட்டியது. கடுதாசி மஞ்சளாகியும் சாமான் வரவில்லை.

யப்பான் விடாமல் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "குடியிருக்கிற ஆக்கள் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லையே."

சொல்ல மாட்டோம். நாங்கள் ஒரு நாட்டையே விட்டு ஓடிவந்தவர்கள். வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், சிட்டிசன் ஆகி, வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அடிவயிற்றில் கிடக்கும். ஆனாலும் எலிவேற்றர் நின்றதும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் ஒற்றுமையாக யப்பானைத் திட்டினோம்.

அதே யப்பான்தான் பரிமளம் அன்ரியை ஆஸ்பத்திரி நாட்களில் ஒன்பது மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார், திரும்பி வந்ததும் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையில் அன்ரியை இருத்தி, கதிரையை முன்னுக்கு ஏந்தி, பின்படியால் இறங்குவார். சின்னராசா அங்கிள் பின்னுக்குப் பிடிப்பார். உண்மையைச் சொன்னால் பிடிக்கிற மாதிரிக் கையை வைத்திருப்பார். பிறம்ரனில் எனக்கு வேர்ஹவுஸ் வேலை. விடுமுறை நாட்களில் நானும் கை கொடுத்தேன். தானாக விரும்பித் தூக்குவதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது யப்பானின் கண்டிப்பான உத்தரவு. படியில் யாராவது வருகிற சத்தம் கேட்டால் உடனே குரலை மாற்றுவார்.

"உங்கட ஆக்களாலை எனக்குப் பெரிய தொல்லை! இனிமேல் தூக்க மாட்டன்!"

அன்ரியும் லேசுப்பட்டவர் இல்லை. கதிரையில் இருந்தபடியே, "நாசமறுவான், கதவிலை இடிக்காமத் தூக்கு!" என்பார். வந்தவர் அன்ரிக்காகப் பரிதாபப்பட்டு, யப்பானை முறைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நானும் கை கொடுத்த ஒருநாள், இறங்கும்போது ஐந்தாம் மாடித் திருப்பத்தில் யப்பானின் முழங்கால் மடிந்துவிட்டது. கதிரை சரிந்தது. அவர் தோளைச் சுவரில் கொடுத்து நிமிர்த்தினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்ரி அன்றைக்குத் திட்டவில்லை. சின்னராசா அங்கிள் சுவரிடம் மன்னிப்புக் கேட்டு 'சொறி' சொன்னார். இனி நெடுநாளைக்கு இப்படித் தூக்க முடியாது என்பது நாலு பேருக்கும் விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் அவரைக் கண்டேன். சூடான காயவைக்கும் மெசினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். முதுகு நோவுக்கு அதுதான் அவருடைய மருந்து.

"ஏன் அண்ணை, நீங்கள் விரும்பித்தான் தூக்கிறியள் எண்டு சனத்துக்குச் சொன்னா என்ன? திட்டாவது குறையும்."

"நல்லவன் எண்டு தெரிஞ்ச வில்லனைப் பாக்க ஆர் ரிக்கெற் எடுப்பினம்?"

"இஞ்சை ஆர் ரிக்கெற் எடுத்தது?"

"அப்பிடியில்லை, தம்பி. வேலையிலை போர்மனைத் திட்டேலாது. வீட்டிலை மனுசியைத் திட்டேலாது. உங்கட சனத்துக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம்?"

அதற்குப் பிறகு யப்பானியப் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். வில்லன்களுக்கு ஒரு பஸ், நாயகர்களுக்கு ஒரு பஸ். ஒரே ஊருக்கு ஒரே வீதியில் முன்னும் பின்னுமாகப் போகும். ஆனால் ஒரு கடையில் சேர்ந்து நின்று தேத்தண்ணி குடிக்கக் கூடாது. கண்டவன் நாளைக்குக் காசு கொடுத்துச் சண்டை பார்க்க வரமாட்டான். வில்லன் பஸ்ஸில் ஐரோப்பா முழுக்க இருந்தது. ஓர் இங்கிலாந்துக்காரன் பச்சைத் தேநீர் வாயில் வைக்கமாட்டேன் என்று பெட்டி நிறையத் தேயிலை கொண்டுவந்தானாம். "உங்கட ஊர்த் தேயிலைதான், தம்பி." போர்த்துக்கல்காரன் ஒருவன் மேடையில் சனத்தைப் பார்த்துத் துப்புவான், சண்டை முடிந்ததும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து விக்கி விக்கி அழுவான். மலை மாதிரி ஒரு ஹங்கேரிக்காரன், சத்திரத்தில் குளிக்கிற தொட்டிக்குள் இறங்கியவன் எழும்ப முடியாமல் இறுகிவிட்டான். பஸ்ஸில் வந்த எல்லாரும் சேர்ந்து சவர்க்காரம் பூசி இழுத்தார்களாம். "அண்டைக்கு மேடையிலை அவனுக்குப் பேர் மனிசரைத் தின்னுற மிருகம். எங்களுக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு."

"நீங்கள் ஆரோடை சண்டை பிடிச்சனியள்?"

"ஒரு யப்பான்காரன். சின்ன ஆள், அமைதியான ஆள். என்ரை உயிர்ச் சிநேகிதன். ஒரு நூடில்ஸ் கடையிலை அவன் முன்னுக்கு இருந்து சாப்பிடுவான். நான் குசினிக்குள்ளை இருந்து சாப்பிடுவன். நடுவிலை கோப்பை நீட்டுற சின்ன யன்னல். ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துதான் கதைப்பம். நோகுதோ எண்டு கேப்பான். இல்லையெண்டு பொய் சொல்லுவன்."

"எப்பவாவது வெண்டனியளோ?"

"பயணத்தின்ரை தொடக்கத்திலை வெல்லுவன். அப்பதானே கடைசி நாள் நான் விழேக்கை சனம் கதிரையை விட்டு எழும்பும்! சின்ன மனுசனைப் பெரிசாக்கிறதுதான் என்ரை தொழில். நான் விழ விழ அவன் வளருவான்."

நோகிற பக்கத்தை மெசினுக்குத் திருப்பினார். பிறகு சொன்னார்: "உங்கட சனத்திட்டைக் கோபம் கிடக்கு, தம்பி. நிறையக் கிடக்கு. எல்லாம் என்னட்டை வந்து முடிஞ்சுபோகுது. கம்பனிக்குப் போகேல்லை. ஏனெண்டா நாயகன் இல்லை. நாயகன் இல்லாத கோபம் வெறும் சத்தம்."

"நாயகனுக்கு எங்கை போறது?"

அந்த நேரம் பார்த்து சின்னராசா அங்கிள் உடுப்புக் கூடையோடு உள்ளே வந்தார். கூடை மெசினில் இடித்தது. மெசினைப் பார்த்து, "சொறி" என்றார். நானும் யப்பானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நாயகன் வில்லனை வீழ்த்துகிற ஒத்திகை குப்பை அறையில் நடந்தது. யாரோ எறிந்துவிட்டுப் போன மெத்தைகளை யப்பான் நிலத்தில் அடுக்கியிருந்தார். சின்னராசா அங்கிள் ஒரு விரலால் யப்பானின் நெஞ்சில் தொடவேண்டும். அவ்வளவுதான் வேலை. தொட்டார். அந்த மலை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் பறந்து, மெத்தையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து விழுந்தது. கட்டடமே இடிந்த மாதிரிச் சத்தம். விழுகிறவன் கையால் நிலத்தில் அறைந்தால் சத்தம் சனத்துக்கு, நோ நிலத்துக்கு. அதுதான் வித்தையாம்.

சின்னராசா அங்கிள் பதறிக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கினார். "ஐயோ, சொறி, சொறி! மெதுவாத்தான் தொட்டனான். அடிபட்டுப் போச்சோ?"

"அடிச்சவன் சொறி சொல்லக்கூடாது, அண்ணை!"

"ஓம். சொறி."

கத்துகிற பாடம் இன்னும் மோசம். 'எலிவேற்றரைத் திருத்து' என்று அவர் சொன்னது, பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. யப்பான் தலையில் கை வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கதிரையிலை கொண்டு இறங்கேக்கை உங்கட மனுசி ஏன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறவ?"

அங்கிள் மெத்தையின் ஓரத்தில் இருந்தார். "தான் விழுறதுக்குப் பயமில்லை அவவுக்கு. தன்னைப் பிடிக்கப் போய் நான் விழுந்திடுவன் எண்டு பயம். இனி ஆஸ்பத்திரிக்கு வரேல்லை, விடுங்கோ எண்டு நேத்துச் சொன்னவ." அவர் எழும்பிவிட்டார். "விடுங்கோவாம். அவவை நான் எப்பிடி விடுறது?"

அந்தக் கடைசிச் சொல் குப்பை அறையில் முழங்கியது. யப்பான் மெத்தையிலிருந்து எழும்பி, "இந்தக் குரல் போதும்" என்றார்.

நத்தார் பண்டிகைக்கு முன் வருகிற சனிக்கிழமையில் கம்பனியின் முகாமையாளர் அம்மா, கோப்பியும் டோனட்டும் கொண்டு வாசல் மண்டபத்துக்கு வருவது வழக்கம். குடியிருப்பாளர்களுக்கு வாழ்த்துச் சொல்லி, கை குலுக்கிவிட்டுப் போவார். இலவச டோனட் என்றால் எங்கள் ஆட்களுக்கு எலிவேற்றர் தேவையில்லை. மேல்மாடிச் சனம்கூடப் படியால் இறங்கி வந்துவிட்டது. பரிமளம் அன்ரியைக் காலையிலேயே கொண்டுவந்து ஓரமாக இருத்தியிருந்தோம்.

எல்லாரும் வாயில் டோனட்டோடு நிற்கும்போது, யப்பான் படிக் கதவுக்குக் குறுக்கே தடியை நீட்டிக்கொண்டு நின்றார். குரல் இடி மாதிரி வந்தது.

"எலிவேற்றரோ? உங்களுக்கு என்னத்துக்கு எலிவேற்றர்? படி ஏறினா உடம்புக்கு நல்லது! கம்பனி உங்கட உடம்பிலை இருக்கிற அக்கறையாலைதான் திருத்தாமல் விட்டிருக்கு!" தடியை அன்ரியின் பக்கம் நீட்டினார். "உந்த மனுசியும் நடக்கட்டும்!"

 முகாமையாளர் அம்மா கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். சனத்துக்குள்ளிருந்து சின்னராசா அங்கிள் வந்தார். வழிவிட்டவர்களுக்கு 'தாங்ஸ்' சொன்னார்.

"அவ... நடக்க மாட்டா."

யப்பான் இடியப்பக் காதில் கையை வைத்து, "என்ன? கேக்கேல்லை!" என்றார்.

"அவ நடக்க மாட்டா! எலிவேற்றரைத் திருத்துங்கோ! அவவை நான் விடமாட்டன்!"

முதல் இரண்டும் ஆங்கிலம், கடைசி தமிழ். அப்படி ஒரு குரல் அந்த மெல்லிய உடம்புக்குள் இருந்தது எங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் தெரியாது. அந்த வேகத்தில் அவர் ஒத்திகையை மறந்துவிட்டார். நெஞ்சில் தொடவேண்டிய விரல் காற்றில் நின்றது. சத்தியமாகச் சொல்லுகிறேன், விரல் படவேயில்லை. ஆனாலும் யப்பான் பறந்தார். தடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், டோனட் மேசை நடுவால் இரண்டாக. வெறும் சீமெந்துத் தரையில் அவர் அறைந்த அறையில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. சீனித்தூள் புகை மாதிரி எழும்பியது.

சின்னராசா அங்கிள் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "சொ..."

கீழே கிடந்த யப்பான் கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தார். "சொறி சொல்லாதை, அண்ணை. கையைத் தூக்கு."

அங்கிள் கையைத் தூக்கினார். எங்கள் சனம் வெடித்தது. இருபது வருடமாக அடக்கிவைத்த சத்தம் எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. ஆங்கிலத்துக்குப் பயந்தவர்கள்கூட முகாமையாளர் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, வந்த ஆங்கிலத்தில் எலிவேற்றரைப் பற்றிச் சொன்னார்கள், ஹீற்றரைப் பற்றிச் சொன்னார்கள், கரப்பான் பூச்சியைப் பற்றிச் சொன்னார்கள். தொலைபேசிகள் படம் பிடித்தன. அந்த அம்மா ஒருவழியாகத் தப்பி வந்து யப்பானிடம் குனிந்து, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றார் யப்பான், தலையில் ஒரு டோனட்டோடு. "அவர் என்னைவிடப் பலசாலி. நான் தோத்திட்டன். தோத்தவன் பொலிசுக்குப் போறதில்லை."

புதுவருடத்துக்கு முன்னமே ஆட்கள் வந்து இரண்டு எலிவேற்றரையும் திருத்திவிட்டார்கள். சின்னராசா அங்கிளைக் கண்டால் பெடியள் கதவு திறந்துவிட்டார்கள். ஆனால் வாய் திறக்கப் பழகிய சனம் அதோடு நிற்கவில்லை. ஒரு நோயாளி மனுசியை நடக்கச் சொன்ன இந்த அரக்கனையும் மாற்று என்று கம்பனியை விடாமல் பிடித்தது. கம்பனிக்கும் அது லாபம்தான். பழி முழுவதையும் அவருடைய தலையில் கட்டி, மாத முடிவோடு போகச் சொல்லிவிட்டார்கள்.

நானும் சின்னராசா அங்கிளும் கீழ்த்தளத்துக்கு ஓடினோம். யப்பான் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் துணிக் கட்டுப் போட்டிருந்தது. சீமெந்துத் தரைக்கு வித்தை தெரியவில்லை.

"நான் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லப்போறன்," என்றார் அங்கிள். சுவரொட்டியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட வேலை போறதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டன்."

யப்பான் நான் பார்த்த நாளிலிருந்து முதல்தரம் உண்மையாகவே கோபப்பட்டார். "சொன்னா என்ன நடக்கும்? நாங்கள் வெல்லேல்லை, அது நாடகம் எண்டு சனம் நினைக்கும். அடுத்தமுறை எலிவேற்றர் நிண்டா ஒருத்தரும் வாய் திறக்காது. பிறகு ஆர் உங்கட மனுசியைத் தூக்கிறது? என்ரை முழங்காலாலை ஏலாது, அண்ணை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசி நாள் வில்லன் ஊரைவிட்டுப் போகவேணும். வெளியிலை பஸ் நிக்கும். அதுதான் முறை."

பஸ்ஸுக்குப் பதில் விட்பி நகரத்திலிருந்து அவருடைய மகள் வான் கொண்டுவந்தாள். அவர் வெளியே வந்தபோது எல்லாப் பல்கனியிலும் சனம். 'ஊ' என்று கூவினார்கள், கூவினார்கள், அப்படிக் கூவினார்கள். ஒன்பதாம் மாடியில் நின்று எல்லாரையும்விட உரத்துக் கூவியவர் சின்னராசா அங்கிள்தான். கீழே நின்ற எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை, குரல் உடைந்தது மட்டும் கேட்டது.

பரிமளம் அன்ரி எலிவேற்றரில் தனியாக இறங்கி, பிடித்து நடக்கிற தள்ளுவண்டியோடு மெல்ல மெல்ல வாசலுக்கு வந்தார். "நாசமறுவான்! இந்தப் பக்கம் இனி வந்திராதை!" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டே, சால்வைக்குக் கீழால் ஒரு பார்சலை அவருடைய கையில் திணித்தார். மணத்தில் தெரிந்தது, பிட்டும் மீன் பொரியலும். பிறகு மெல்லமாக, பெற்ற மகனைக் கூப்பிடுகிற மட்டக்களப்புச் சொல்லில், "சூடாச் சாப்பிடு, மனே" என்றார். அந்த ஒரு வரிக்கு மட்டும் யப்பான் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

வானில் ஏறுமுன் அவர் திரும்பினார். அன்ரியைத் தூக்கிய அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை வாசலோரம் கிடந்தது. அதை எடுத்து, நோகிற கையோடு தலைக்குமேல் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டடம் முழுவதையும் பார்த்து உறுமினார். சுவரொட்டியில் நின்ற அதே ஆள். பிள்ளைகள் அலறின. கதிரையையும் வானுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அப்பா, வை ஆர் யூ க்ரையிங்? யூ ஹேற்றட் ஹிம்!" என்றாள் மகள்.

"குளிர், பிள்ளை," என்றேன்.

இதையெல்லாம் இப்போது எழுதலாமா என்று கேட்பீர்கள். எங்கள் கட்டடத்தில் இது வருகிற பத்திரிகையை மீன் வெட்டத்தான் விரிப்பார்கள். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

சின்னராசா அங்கிள் மாதத்தில் ஒருநாள், "சும்மா ஒரு நடை" என்று வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறி விட்பிக்குப் போவார். அன்ரிக்கு அது எந்த நடை என்று தெரியும். பார்சல் கட்டிக் கொடுப்பதே அவர்தான். போன மாதம் பனி அதிகம் என்று நான் காரில் கூட்டிப்போனேன். ஒரு கோப்பிக் கடை. யப்பான் ஒரு மேசையில், அங்கிள் அடுத்த மேசையில், முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"கை நோகுதோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் அங்கிள்.

"இல்லை," என்றார் யப்பான் யன்னலைப் பார்த்து. மணிக்கட்டு இன்னும் கோணல்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சை உங்களை ஆருக்குத் தெரியும்? ஒரு மேசையிலை இருந்தா என்ன?"

"உங்கட ஆக்கள் விட்பியிலையும் வீடு வாங்கத் தொடங்கிட்டினம், தம்பி. ஆராவது கண்டால், அண்ணை வெண்டது என்னாகிறது?"

சொல்லி வாய் மூடவில்லை, கடைக் கதவு திறந்தது. எங்கள் பழைய மூன்றாம் மாடி மனுசி, குடும்பத்தோடு. எங்களைக் கண்டு முகம் மலர்ந்து, பிறகு யப்பானைக் கண்டு சுருங்கி, அங்கிளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கிள் 'சொறி' சொல்ல வாயைத் திறந்தார். நான் எழுந்து, யப்பானின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"நாசமறுவான்! நீ இன்னும் சாகேல்லையோ?"

மனுசிக்குத் திருப்தி. யப்பான் பல்லைக் கடித்து உறுமினார். அந்த இடியப்பக் காதுகள் இரண்டும் சந்தோஷத்தில் சிவந்துபோயின. என் வாழ்நாளில் நான் யாரையும் அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை.